பிறப்பித்தவர் கடன்

(சோழபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, டென்மார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் ஒட்டகச்சிவிங்கியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அதற்கான காரணத்தை இந்தப் பக்கத்து நாய்க்குட்டியிடமிருந்தே தொடங்குகிறேன். 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அவற்றில் ஒன்று இராஜபாளையம். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். இந்த மூன்றும் கூடி வந்தால்தான் நல்ல விலை. ஆனால் தாய்நாயின் வயிற்றுக்கு விலை தெரியாது. ஒரு ஈத்தில் ஏழெட்டுக் குட்டி விழுந்தால், ஒன்றிரண்டு செவலைத் திட்டோடு வந்துவிடுவதும் உண்டு. கண் திறக்காமல், மற்றக் குட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு மடியைத் தேடும் அந்தக் குட்டிக்கு நோயும் இல்லை, ஊனமும் இல்லை. முற்காலத்தில் அப்படிப்பட்ட நிறக்குட்டிகளை விட்டுவைக்காமல் கொன்றுவிடும் வழக்கம் இருந்தது என்று இந்த இனத்தைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெள்ளைக்காகவே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து வந்ததில் காது கேளாத குட்டிகள் அதிகமாகப் பிறக்கின்றன என்பதும் இதே கதையின் இன்னொரு பக்கம். வெள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டவர் மனிதர். அதற்கு உயிரைக் கொடுத்தது குட்டி. இன்று நான் பேசப்போவது இந்தக் கணக்கைப் பற்றித்தான்.

2014 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை. கோபன்ஹேகன் உயிரியல் பூங்காவில் இளம் ஆண் ஒட்டகச்சிவிங்கி ஒன்றுக்கு அதற்குப் பிடித்தமான கம்புரொட்டியை நீட்டினார்கள். அது குனிந்து தின்னும்போது சுட்டார்கள். மாரியஸ் என்பது அதன் பெயர். பிறகு பார்வையாளர் முன்னிலையில், சிறுவர்களும் பார்த்திருக்க, உடலை அறுத்து உறுப்புகளை விளக்கிக் காட்டி, இறைச்சியைச் சிங்கங்களுக்குப் போட்டார்கள். விஷ ஊசி போட்டால் இறைச்சி கெட்டுவிடும் என்பதாலேயே துப்பாக்கி. மாரியஸுக்கு எந்த நோயும் இல்லை. அதன் மரபணுக்கள் ஐரோப்பியப் பூங்காக்களின் இனப்பெருக்கத் திட்டத்தில் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தன என்பதே காரணம். வேறு பூங்காக்கள் அதை வாங்கிக்கொள்ள முன்வந்தன. கொல்ல வேண்டாம் என்று பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். பூங்காவின் அறிவியல் இயக்குநர் பெங்ட் ஹோல்ஸ்ட் அசையவில்லை. தங்கள் பூங்காவில் ஆண்டுதோறும் இருபது முப்பது விலங்குகளை இப்படித்தான் கொல்கிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த மாதமே, புதிதாக வரவிருந்த ஓர் இளம் ஆண் சிங்கத்துக்கு இடம் வேண்டும் என்று அங்கே நான்கு சிங்கங்களைக் கொன்றார்கள். ஐரோப்பிய உயிரியல் பூங்காக்களின் கூட்டமைப்பில் ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 விலங்குகள் வரை இவ்வாறு கொல்லப்படலாம் என்று அதன் அன்றைய நிர்வாகத் தலைவரே மதிப்பிட்டார். ஆகவே மாரியஸ் ஒரு விதிவிலக்கு என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குப் பெயர் இருந்தது, அந்தப் பெயர் வெளியே தெரிந்துவிட்டது. மற்றவற்றிலிருந்து அதற்கு இருந்த வேறுபாடு அவ்வளவுதான்.

பதினொரு ஆண்டு கழித்து, 2025 ஜூலை 29 அன்று, ஜெர்மனியின் நூரம்பெர்க் பூங்கா பன்னிரண்டு கினி பபூன் குரங்குகளைக் கொன்றது. இருபத்தைந்து குரங்குகளுக்கென்று கட்டிய இடத்தில் நாற்பதுக்கு மேல் ஆகிவிட்டன. நெருக்கடியில் சண்டை முற்றியது. கருத்தடை செய்து பார்த்தோம், பலன் போதவில்லை. வேறு பூங்காக்களில் இடம் தேடினோம், போதிய இடம் கிடைக்கவில்லை என்று பூங்கா விளக்கம் சொன்னது. இந்த விளக்கத்தை நான் பொய் என்று தள்ளமாட்டேன். ஆனால் அதில் ஒரு சொல்லை மட்டும் நிறுத்தி விசாரிக்க வேண்டும். 'உபரி' என்பது அந்தச் சொல். உபரி என்பது விலங்கின் குணம் அல்லவே. ஒரு மானைத் தலை முதல் குளம்பு வரை தடவிப் பார்த்தாலும், ரத்தம் எடுத்துச் சோதித்தாலும் அதில் உபரி என்று ஒன்றும் அகப்படாது. கொட்டிலின் அளவு, தீவனத்துக்கான நிதி, இணைசேர்த்த அட்டவணை ஆகிய மூன்றையும் கூட்டிக் கழித்தபின் வரும் எண் அது. மூன்றையும் முடிவுசெய்தது நிர்வாகம். பிழை கணக்குப் போட்டவரிடம் இருக்க, தண்டனை கணக்கில் வந்த எண்ணுக்குப் போகிறது.

நம் நாட்டில் இது சட்டப்படி முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கம், காட்டில் இருக்கும் விலங்கைக் கொல்வதோடு, அடைத்து வைத்திருக்கும் விலங்கைக் கொல்வதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது தேற முடியாத அளவுக்கு நோயோ ஊனமோ கண்டுவிட்டது என்பது போன்ற காரணங்களுக்கே அனுமதி உண்டு. இடமில்லை என்ற காரணத்துக்கு அதில் இடமில்லை. 1992-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்தது. அதன் கீழ் வந்த பூங்கா அங்கீகார விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. வேகமாகப் பெருகும் விலங்குகளில் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்க வேண்டும், கருத்தடை செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதாவது இந்தியச் சட்டம் கடைசிக் கதவை மூடிவிட்டு, முதல் கதவைக் கவனி என்கிறது. என் வாதத்தின் சாரமும் இதுதான். ஓர் உயிரை வேண்டுமென்றே அடைப்புக்குள் பிறக்க வைத்தவர், அதன் ஆயுள் முழுவதற்கும் கடன்பட்டவர். இடம் போதவில்லை என்பது அந்தக் கடனைத் தீர்க்காது. அந்தக் கடன் எவ்வளவு பெரியது என்பதைத்தான் காட்டும்.

இதை வெறும் இரக்கப் பேச்சாக விடாமல், இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஜெர்மனியின் மாக்டபர்க் பூங்காவில் 2008 மே மாதம் மூன்று புலிக்குட்டிகள் பிறந்தன. தந்தைப் புலி கலப்பற்ற சைபீரியப் புலி அல்ல என்பது அதற்கு முன்பே தெரியவந்திருந்தது. கலப்பினக் குட்டிகளால் இனப்பாதுகாப்புக்குப் பயனில்லை என்று பிறந்தவுடனேயே மூன்றையும் கொன்றார்கள். 2010-ல் அந்நாட்டு நீதிமன்றம், நியாயமான காரணம் இல்லாமல் கொன்றதாகப் பூங்கா இயக்குநரையும் ஊழியர் மூவரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. இனி நம் பக்கம் வாருங்கள். சண்டிகர் அருகே உள்ள சத்பீர் பூங்காவில் ஆசியச் சிங்கங்களோடு சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்கள் இணைசேர்ந்தன. கலப்பினம் பெருகி ஒரு கட்டத்தில் எழுபது எண்பது சிங்கங்கள் வரை ஆயின. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ந்ததால் பல சிங்கங்கள் பலவீனமாக இருந்தன, காயம் எளிதில் ஆறவில்லை. இந்தச் சிக்கலும் மாக்டபர்க்கின் சிக்கல்தான், எண்ணிக்கையில் பல மடங்கு பெரியது. இங்கே செய்தது வேறு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஆண் சிங்கங்களுக்குக் கருத்தடை அறுவை செய்து, இருக்கும் சிங்கங்களை அவற்றின் இயற்கையான முடிவு வரை வைத்துப் பராமரிப்பது என்று முடிவெடுத்தார்கள். சர்க்கஸில் சிங்கம், புலி, கரடி, குரங்கு முதலியவற்றை வைத்து வித்தை காட்டுவதற்கு 1998-ல் வந்த தடையை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்போது மீட்கப்பட்ட சிங்கம் புலிகளுக்காக வண்டலூர் உட்படப் பல பூங்காக்களில் மறுவாழ்வு மையங்கள் எழுந்தன. அவற்றில் பல விலங்குகளுக்கு இனப்பெருக்க மதிப்பு ஏதும் இருக்கவில்லை. பிடரி மயிர் உதிர்ந்த கிழட்டுச் சிங்கம், சர்க்கஸ் கூண்டுக்குள் வளைய வந்த அதே வட்டத்தை விசாலமான இடத்திலும் நடந்துகொண்டிருந்தது. அதற்கும் இறைச்சி, மருத்துவர், கூட்டிவிடும் ஊழியர். இனத்துக்கு எதையும் திருப்பித் தராத உயிருக்கு அரசுப் பணம் செலவானது. அந்தச் செலவைத்தான் நான் கடன் என்கிறேன். மனிதர் செய்த பிழைக்கு மனிதரே கட்டும் தவணை அது.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு நம் ஊரிலேயே பிறக்கும். இருக்கங்குடி மாரியம்மனுக்கு ஆடு வெட்டுகிறோம், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் வரிசையில் நிற்கிறோம், வண்டலூர்ச் சிங்கமும் மாட்டிறைச்சிதான் தின்கிறது. அந்த மாட்டுக்கு இல்லாத நியாயம் ஒட்டகச்சிவிங்கிக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். இது இலேசாகத் தட்டிவிடக்கூடிய கேள்வி அல்ல. ஒட்டகச்சிவிங்கியின் உயிர் மாட்டின் உயிரைவிட உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை; அழகான கண்ணும் நீண்ட கழுத்தும் உயிருக்கு விலை ஏற்றிவிடாது. வலியும் பயமும் இரண்டுக்கும் உண்டு. வேறுபாடு நாம் கொடுத்த வாக்கில் இருக்கிறது. ஆடு வளர்ப்பவர் அதைக் காப்பதற்காக வளர்க்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. உயிரியல் பூங்காவோ அடைத்து வைக்கும் உரிமையையே அந்த வாக்கைக் கொடுத்துத்தான் பெறுகிறது. காட்டில் அழியும் இனத்தை நாங்கள் காக்கிறோம், பிள்ளைகளுக்கு உயிர்களின்மேல் பரிவை வளர்க்கிறோம் என்று சொல்லித்தான் நுழைவுச்சீட்டு விற்கிறது, அரசு நிலம் கேட்கிறது. சுதந்திரமாகத் திரிய வேண்டியதை அடைத்து வைப்பதற்கு ஈடாகக் கொடுத்த காவல் வாக்கு அது. பாதுகாவலர் என்று ஒப்புக்கொண்டவர், எனக்கு இடம் பற்றவில்லை என்று காவலில் உள்ளவரைக் கொல்ல முடியாது. சிங்கத் தீவனத்துக்காகவே ஒட்டகச்சிவிங்கி வளர்க்கிறோம் என்று ஒரு பூங்கா வாசலில் எழுதி வைத்தால் அதோடு வேறு விதமாக வாதாடலாம். எந்தப் பூங்காவும் அப்படி எழுதி வைக்கவில்லை. மாரியஸைக் கொல்வது முடிவான பிறகுதான் இறைச்சி வீணாகக் கூடாது என்ற எண்ணம் வந்தது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாம் செய்வது சரிதானா என்ற கேள்வியை இந்த விடை மூடிவிடவில்லை. அது திறந்தே இருக்கட்டும், அதற்கு நாம் தனியே விடை சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, இனம் பெரிதா தனி உயிர் பெரிதா என்பது. ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் மரபணு மேலும் பெருகினால் நெருங்கிய உறவுச் சேர்க்கை கூடும், இனம் நலியும் என்று மரபியலாளர்கள் சொல்கிறார்கள். உண்மை. சத்பீர் சிங்கங்களே அதற்குச் சாட்சி. ஆனால் இந்த உண்மையிலிருந்து என்ன கிடைக்கிறது? அந்த விலங்கு இணைசேரக் கூடாது என்பது கிடைக்கிறது. அது வாழக் கூடாது என்பது கிடைக்கவே இல்லை. இனத்துக்கு வேண்டியது முதலாவதோடு நிறைவேறிவிட்டது. கொன்றதால் இலாபம் ஒரு கொட்டில் மட்டும். அப்படியென்றால் இது மரபியல் வாதம் என்ற உடையில் வந்த இட நெருக்கடி வாதம்.

மூன்றாவது மறுப்பை ஹோல்ஸ்ட் போன்றவர்களே முன்வைக்கிறார்கள், அதில் அக்கறையும் இருக்கிறது. கருத்தடை செய்தால் இணைசேர்வது, ஈனுவது, குட்டியை நக்கி வளர்ப்பது என்று விலங்கின் வாழ்க்கையில் செழிப்பான பகுதியே போய்விடுகிறது. அதைவிட, பிறக்க விட்டு, காட்டில் குட்டி தாயைப் பிரியும் வயதில் வலியின்றிக் கொல்வது மேல். காட்டிலும் பெரும்பாலான குட்டிகள் வளராமலேதான் சாகின்றன என்கிறார்கள். ஹார்மோன் கருத்தடையால் பெரும்பூனைகளுக்குக் கருப்பையிலும் மடியிலும் கட்டி வந்ததும் உண்டு. இதை மறைத்து வாதாடக் கூடாது. ஆனாலும் இந்த வாதத்தின் உள்ளே நடப்பதைப் பாருங்கள். தாயின் நாட்களுக்கு நிறைவு கொடுக்க ஒரு குட்டியைச் செலவிடுகிறார்கள். குட்டி இன்னொருவரின் பொழுதுக்கான கருவியாகிவிடுகிறது. இது இல்லாவிட்டால் அது என்ற நிலையும் இல்லை. அறுவைக் கருத்தடை இருக்கிறது, எந்த விலங்கையும் தனிமைப்படுத்தாமல் ஒரே பால் கூட்டமாக வைக்கலாம், சில ஆண்டு இடைவெளி விட்டு, இடம் உறுதியான பிறகு ஓர் ஈத்துக்கு அனுமதிக்கலாம். காட்டை ஒப்பிடுவதும் பொருந்தவில்லை. மேற்கே தெரியும் நம் மலை 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அதற்குள் ஒரு மான்குட்டியைச் செந்நாய்க் கூட்டம் பிடித்தால் அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை; அந்தக் குட்டியை யாரும் அட்டவணை போட்டுப் பிறக்க வைக்கவில்லை. செண்பகத்தோப்பு மாமரங்களில் தாவும் சாம்பல் நிற மலை அணிலுக்கும் கொட்டில் அளவு கிடையாது. காட்டில் சாவு உண்டு, உபரி இல்லை.

இந்த இடத்தில் விவசாயிகள் மனத்தில் ஒரு கேள்வி எழும். மலையடிவாரத்தில் மக்காச்சோளத்தையும் கிழங்கையும் ஒரே இரவில் உழுது போட்டுவிட்டுப் போகும் காட்டுப்பன்றி விஷயத்தில் என்ன சொல்கிறீர்கள் என்பது அது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறை சுடலாம் என்று ஆணையிட்டது. அது சரியா தவறா என்பது தனி விவாதம். அந்தப் பன்றியை நாம் பிறக்க வைக்கவில்லை, அதைக் காப்பதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கவில்லை. எதிரே நிற்பது ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம். ஆகவே இன்றைய வாதம் அங்கே அப்படியே செல்லாது.

நான்காவது மறுப்பே மிக வலுவானது, அதன்முன் நான் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. கொல்லாத நாடு என்று பெருமை பேசும் நாம் செய்வது என்ன? டெல்லி ஹவுஸ் காஸ் மான் பூங்காவில் 1960-களில் ஆறு புள்ளிமான்களை விட்டார்கள். 2023-ல் மத்திய ஆணையம் அதன் அங்கீகாரத்தை ரத்துசெய்தபோது ஏறக்குறைய அறுநூறு மான்கள். பெண் மான் ஆண்டுக்கு ஒரு குட்டி போடும் என்பது பூங்கா வைத்திருப்பவருக்குத் தெரியாத இரகசியமா? கருத்தடை செய், பிரித்து வை என்று விதி எழுதி முப்பது ஆண்டு ஆகியும் அங்கே அது காகிதத்திலேயே இருந்தது. பிறகு லாரியில் ஏற்றி இராஜஸ்தான் புலிகள் காப்பகங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மான் அச்சத்திலேயே சாகக்கூடிய உயிர். வலை வீசித் துரத்திப் பிடித்தால், காயமே இல்லாமல் தசை சிதைந்து ஓரிரு நாளில் இறந்துபோகும் என்பது கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். தப்பிப் பிழைத்ததும் தொட்டியில் தீவனம் தின்று, மனிதர் கையைப் பார்த்து வளர்ந்த மான்; சிறுத்தை வாடை அறியாதது. அதைப் புலிக்காட்டில் இறக்கிவிட்டு, நாங்கள் கொல்லவில்லை என்று சொல்வது எந்த வகை நேர்மை? கோபன்ஹேகன் தானே துப்பாக்கி பிடித்தது, நாம் அந்த வேலையைப் புலிக்கும் சிறுத்தைக்கும் கொடுத்துவிட்டோம். நோய்ச் சோதனை செய்து, பழக்கி, கருவுற்ற பெண்களையும் குட்டிகளையும் தவிர்த்து, வேலியிட்ட இடத்தில் சில காலம் வைத்துப் படிப்படியாக விடுவது முறையான மறுகுடியேற்றம். கோவை வ.உ.சி. பூங்கா 2022-ல் அங்கீகாரத்தை இழந்த பிறகு, அங்கிருந்த மான்களைக் காட்டில் விடுவதற்கு முன் அவற்றின் எச்சத்தையும் உடல்நிலையையும் சோதிக்க நாள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பொறுமைதான் விடுதலைக்கும் கைகழுவலுக்கும் நடுவே இருக்கும் கோடு.

ஆக, பட்டினியும் நெரிசலும் சூழ நீண்டு செத்துக்கொண்டிருப்பதைவிட ஒரு குண்டு கருணை உடையது என்று ஐரோப்பியர் சொன்னால், அந்த ஒப்பீட்டில் நான் தோற்பேன். தேறாத வேதனையில் இருக்கும் விலங்குக்குக் கருணைக்கொலை கூடாது என்றும் நான் வாதாட மாட்டேன். நம் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் மோசமான பராமரிப்பைச் சாட்சியாக அழைத்தால், அது பராமரிப்பைத் திருத்து, பிறப்பைக் குறை என்றுதான் சொல்லும். கொல் என்று சொல்லாது. இன்னொன்றும் உண்டு. கொல்லும் வழி திறந்திருக்கும் இடத்தில் பிழை மலிவாகிவிடுகிறது. ஒரு குண்டின் விலையில் கணக்கு நேராகிவிடுமானால், அடுத்த ஆண்டு அட்டவணையைக் கவனமாகப் போட வேண்டிய அவசியம் யாருக்கு? சத்பீரில் கொல்ல வழியில்லாததால் பல ஆண்டுகள் தீனி போட வேண்டியிருந்தது. அந்தச் சுமைதான் இனி கலப்பினம் கூடாது என்ற பாடத்தை ஏறவைத்தது. ஹவுஸ் காஸ் இதற்கு எதிர்ச்சாட்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொல்லாமை மட்டும் யாரையும் பொறுப்பாளியாக்கிவிடாது. யாராவது பிறப்பை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

எண்ணுவதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. நாட்டிலுள்ள ஒவ்வொரு பூங்காவும் ஆண்டுதோறும் மத்திய ஆணையத்துக்கு விலங்குக் கணக்கு கொடுக்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தவை, பிறந்தவை, வந்தவை, போனவை, இறந்தவை, ஆண்டு முடிவில் இருப்பவை என்று பத்திகள் ஓடும். ஒவ்வொரு பத்தியிலும் மூன்று எண்கள்: ஆண், பெண், பால் தெரியாதவை. பால் தெரியாதவற்றில் அந்த ஆண்டுக் குட்டிகளும் இருக்கும். செய்தித்தாள்கள் இறந்தவற்றின் பத்தியைப் பார்த்துத் தலைப்பு எழுதுகின்றன. வெள்ளைப்புலி குட்டி போட்டால் பெயர் சூட்டு விழா நடக்கிறது, கூட்டம் கூடுகிறது. அந்த வெள்ளையும் நம் நாய்க்குட்டியின் வெள்ளையைப் போலத்தான். பெரும்பாலும் 1951-ல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரு புலியிலிருந்து, உறவுக்குள்ளேயே இணைசேர்த்துப் பரப்பியது. அப்படிப்பட்ட விழாவுக்கு அழைப்பு வந்தால், குட்டியின் பெயரைக் கேட்பதற்கு முன்பு, அது வளர்ந்தபின் எந்தக் கொட்டிலில் இருக்கும், அந்தக் கொட்டில் கட்டியாகிவிட்டதா என்று கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளை வண்டலூருக்கோ வேறெங்குமோ அழைத்துப் போகும் ஆசிரியர்கள் இங்கே இருந்தால், போவதற்கு முன் அந்தப் பூங்காவின் கணக்கை எடுத்துப் பாருங்கள். புள்ளிமான் வரியில், பிறந்தவை என்ற பத்தியில் என்ன எண் இருக்கிறது என்று பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் அதே வரியைப் படிக்கச் சொல்லுங்கள்.